வெட்டி வைத்த விலாசங்கள்

என்னைத் தூக்கித் திரிந்தே இடுப்பு நொந்துபோன என் அக்காவுக்கு,

உன் அறையைத் திறந்துவிட்டோம். உன் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை ஒரு சாமானும் அசைக்கக் கூடாது என்று என் மனைவி மனோ கட்டளை போட்டிருந்தாள். போன கிழமை திவசம் முடிந்தது. ஐயர் சொன்னதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். இரண்டு இடத்தில் மட்டும் இடது கையை நீட்டிவிட்டேன். நீ இருந்திருந்தால் பின்னால் நின்று முதுகில் இடித்திருப்பாய்.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் மகள் தாரணிக்கு ஏழு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம்தான் வருகிறாள். தெஹிவளையில் அவர்கள் இருக்கும் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் கிழமையில் இரண்டு நாள் வேலை செய்யும். எங்கள் வீட்டில் கடற்காற்று நேரே வருகிற அறை உன்னுடையது ஒன்றுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் அது வேண்டும் என்று மனோ சொன்னாள். உனக்கும் அதில் மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த நல்ல செய்தியைச் சொல்லமட்டும் நான் எழுதவில்லை. உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், அக்கா. செலின் அக்காவின் கடிதங்கள் இருந்த பெட்டியைப் பற்றிய பொய். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. நீ இருக்கும்போது சொல்லாததை இப்போது சொல்ல வந்திருக்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேரே சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.

அறை துப்புரவாக்குவதற்குத் தாரணிதான் தலைவி. போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு மூன்று காகிதத்தில் எழுதி நிலத்தில் ஒட்டினாள்: வைக்கிறது, குடுக்கிறது, எறியிறது. அவள் பாரம் தூக்கக் கூடாது. கதிரையில் இருந்து விரலை நீட்டுவாள், நான் தூக்குவேன். மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையில் முப்பது வருடம் நின்றவன் நான். எந்த நட்டு எந்த லாச்சியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உன் ஒரு அறைக்குள் திசை தெரியாமல் நின்றேன்.

"ஒரு வருஷமாத் தொடாத சாமான் எண்டா அது வேண்டாத சாமானாம் அப்பா" என்றாள்.

குசினிக்குள் இருந்து மனோவின் குரல் வந்தது: "அப்ப கொப்பரின்ர மூளையையும் எறியிற குவியலில போடு பிள்ளை."

நான் மெதுவாக நாலாவது குவியல் ஒன்று தொடங்கினேன். பெயர் இல்லை. யோசிக்க வேண்டிய சாமான்கள். மத்தியானத்துக்குள் மற்ற மூன்றையும்விட அதுதான் உயரமாகிவிட்டது.

உன் சுருக்கெழுத்துக் கொப்பிகள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த ஒபீஸ் தாள்கள், பைக்குள் பையாக மடித்த பைகள், ஐந்து வருடத்துக் கலண்டர்கள். உன் பழைய நூல் சேலைகளில் இரண்டை ஏணை கட்டுவதற்கு என்று மனோ எடுத்து வைத்தாள். "மச்சாளின்ர சேலை எண்டா பிள்ளை அழாமல் கிடக்கும்" என்றாள். இருபத்தொன்பது வருடங்களுக்கு முதல் தாரணியும் உன் சேலையில்தான் தூங்கினாள். அவளுக்கு அது தெரியாது. தெரிந்ததும் சேலையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒருவரும் ஒருவருக்கும் கட்டளை போடவில்லை.

அலுமாரியின் அடித்தட்டில் நீளமான மண்ணிறக் கவர்கள் இருந்தன. பதினொன்று. தாரணி ஒன்றைக் கவிழ்த்தாள். காகிதத் துண்டுகள் கொட்டின. கடித உறைகளின் பின்பக்கத்தில் அனுப்புநர் விலாசம் எழுதியிருக்கும் இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தில் திகதி எழுதி வைத்திருந்தாய். கனடா, லண்டன், கண்டி, திருகோணமலை. கலியாணக் கார்டுகளில் இருந்து வெட்டிய விலாசங்கள். ஓர் ஊதுபத்திக் கொம்பனியின் விலாசமும் இருந்தது. வீடு மாறியவர்களின் பழைய விலாசத்தைச் சிவப்புப் பேனையால் கீறிவிட்டு, புதியதை அதன் பின்னால் குத்தியிருந்தாய்.

"மாமி ஏனப்பா இதுகளை வெட்டி வெட்டி வைச்சவ?"

எனக்குத் தெரியும் அக்கா. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அவவுக்கு அப்பிடியொரு பழக்கம். எறி பிள்ளை."

எறி என்று சொன்னது நான்தான். இரண்டாவது தரம்.

முதல் தரம் கொட்டாஞ்சேனையில். எனக்கு இருபத்தொரு வயது. செலின் அக்கா எங்கள் எதிர்வீடு, உன்னோடு ஒன்றாக டைப்பிங் பழகியவள். மன்னாரில் கலியாணம் செய்து போனாள். துறைமுகத்து வேலையில் இருந்து ஓய்வெடுத்த தகப்பனும் அவளோடேயே போய்விட்டார். அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. பிறகு ஜேர்மனியில் இருந்து ஒன்று வந்தது. நீ சாப்பாட்டு மேசையில் வைத்து அதைச் சத்தமாக வாசித்தாய். "புவனா, மன்னார் விலாசத்துக்கு இனி எழுதாதே, அங்கே எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. இதுதான் புது விலாசம். எனக்கு மூன்று மாதம். இங்கே கதைக்க ஒரு ஆள் இல்லை. உடனே பதில் போடு."

அது ஒரு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து எழுதப்போவதாகச் சொல்லி, அதையும் உன் கடிதப் பெட்டிக்குள் வைத்தாய்.

வெள்ளிக்கிழமை நீ வேலைக்குப் போயிருந்தாய், அம்மா கோயிலுக்கு. முனைக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பக்கத்து ஒழுங்கையில ஆமிக்காரங்கள் வீடு வீடாத் தேடுறாங்கள். வடக்குக் கடிதம் ஏதும் கிடந்தா ஆளை ஏத்திக்கொண்டு போறாங்களாம்" என்றார். மன்னார் முத்திரை குத்திய கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய உன் கட்டிலுக்குக் கீழே இருந்தன. நான் யோசிக்கவில்லை. பிரித்தும் பார்க்கவில்லை. பெட்டியைச் சந்தைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு கட்டு முருங்கைக் கீரையைப் பரப்பிக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் நடந்தேன். அந்தக் கீரை யோசனை எனக்கு அன்றைக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

கல்லுகளில் நின்று கடலுக்குள் எறிந்தேன். பெட்டி உடனே தாழவில்லை அக்கா. அலை இரண்டு தரம் அதை என் காலடிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. மூன்றாம் தரம் கல்லெடுத்து எறிந்து தாழ்த்தினேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பக்கத்து ஒழுங்கையோடு திரும்பிப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ பேனையும் தாளும் எடுத்துவைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே குனிந்தாய்.

"தம்பி, என்ர கடிதப் பெட்டியைக் கண்டனியே?"

"இல்லையக்கா. அம்மா கூட்டேக்க எங்கையும் மாறி வைச்சாவோ தெரியாது."

எவ்வளவு லேசாக வந்தது. அம்மாவும் பாவம், தான்தான் மறதியில் குப்பையோடு போட்டிருப்பேன் என்று நம்பிவிட்டாள். சாகும்வரை நம்பினாள். "என்னாலதானே பிள்ளை உன்ர சிநேகிதி போனாள்" என்று அவள் உன்னிடம் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவேன்.

மன்னார் விலாசம் உனக்கு மனப்பாடம். அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்தும் மூன்று கடிதம் போட்டாய். நாலு மாதத்தில் நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். அவள் பிறகு எழுதியிருந்தாலும் கொட்டாஞ்சேனை வீட்டுக்குத்தான் போயிருக்கும். அங்கே வேறு ஆட்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் பயம். பிறகு வெட்கம். பிறகு, நல்ல நாளில் சொல்ல மனம் வரவில்லை, கெட்ட நாளில் சொல்லத் துணிவு வரவில்லை. அப்படியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. நீயும் போய்விட்டாய்.

சரி, குவியலுக்கு வருகிறேன். போத்தல் பேப்பர்காரன் தள்ளுவண்டியோடு வந்தான். எறியிற குவியல் முழுவதும் இரண்டு சாக்கில் கீழே போனது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி காலி வீதிப் பக்கம் திரும்பியது. என் கையில் ஒரு கல் இருப்பதுபோல இருந்தது அக்கா. வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கி ஓடினேன். ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது.

"மல்லி! பொட்டக் இன்ன!" என்று, தம்பி கொஞ்சம் நில்லென்று சிங்களத்தில் கத்தினேன்.

அவன் வண்டியை நிறுத்தினான். "மொகத அய்யே?" என்ன அண்ணே, காணி உறுதிப்பத்திரம் ஏதும் தவறிப் போட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டான். ஒற்றைச் செருப்போடு ஓடி வருகிற மனிதன் வேறெதற்கு வருவான்?

எனக்கு மூச்சு வாங்கியது. "அக்காகே" என்றேன். அக்காவுடையது. அதற்கு மேல் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.  அவனே சாக்கை அவிழ்த்து, நடுவீதியில் குந்தியிருந்து, நான் விரலால் காட்டிய பதினொரு கவர்களையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தந்தான். பின்னால் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். தாரணி எழும்பி வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். வயிற்றோடு அவளுக்கு அது லேசில்லை. மனோ அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு, "மச்சாளோட முப்பது வருஷம் ஒரு குசினியில நிண்டனான். ஒருக்காச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"உனக்கோ?"

"எனக்கெதுக்கு? அவவுக்கு."

பிறகு அவளே இன்னொன்றையும் சொன்னாள். "அலுமாரித் திறப்பை எனக்குத் தருவா, பிள்ளையிட்டக் குடுப்பா. உங்களிட்ட ஒருநாளும் தந்ததில்லை. கவனிச்சனீங்களோ?"

கவனித்திருந்தேன் அக்கா. அந்தச் சாவி உன் கற்கண்டுப் போத்தலுக்குக் காவல் என்று நினைத்து வருடக்கணக்காகச் சிரித்திருக்கிறேன், உன் முகத்துக்கு நேரேயே. நீயும் சிரிப்பாய். உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இரண்டாவது தரம் கேட்காமல் விட்டாயா? அப்படியென்றால் அம்மா அழும்போது ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? தெரியாதென்றால், அந்தத் திறப்பு ஏன் எனக்கு மட்டும் இல்லை?

கவர்களை மடியில் வைத்து இரண்டு நாளாகத் தேடினோம். அந்த ஜேர்மன் விலாசம் அதற்குள் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தேடினேன். தாரணி போனில் தேடிப் பார்த்தாள். "செலின் எண்டு ஆயிரம் பேர் வருதப்பா. புருஷன்ர பேர் என்ன?" எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீ.

அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் எதிர்வீட்டில் இருந்து, மன்னாருக்குக் கலியாணம் செய்து போய், பிறகு ஜேர்மனிக்குப் போன செலினைத் தெரிந்தவர்கள் இதை வாசிக்கக்கூடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்கும் போகிறேன். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான். புத்தகத்தில் ஞானத்தாயின் பெயராவது இருக்கும். அவர்களின் ஆட்கள் யாராவது இன்னும் அந்தப் பக்கம் இருப்பார்கள். இல்லையென்றால் அடுத்த ஞாயிறும் போவேன். பேரப்பிள்ளை பிறந்தால் அந்த ஒரு ஞாயிறு மட்டும் லீவு தா.

அவளைக் கண்டால் சுற்றி வளைக்க மாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு. அவள் இல்லாமற்போயிருந்தால், அன்றைக்கு அவள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்த பிள்ளை எங்காவது இருக்குமே. அதைத் தேடிப் பிடித்துச் சொல்வேன்: உன் அம்மாவின் கடிதத்துக்கு என் அக்கா பதில் எழுத இருந்தாள். தாளும் எடுத்து வைத்தாள். விலாசத்தைக் கடலில் எறிந்தவன் நான்.

நீ கேட்டபோது இல்லையென்று சொன்ன,
உன் தம்பி