கேர்டாவிடம் வெறுங்கையோடு போங்கோ

ஹோர்சன்ஸ்
டென்மார்க்
08.02.2009

அன்பு மகள் தபிதாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்தையும் அவரிடமே விசாரித்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே.

போன் எடுத்தால் அம்மா வாங்கி, கிருபன் மாமாவைப் பற்றிச் சொல்லி அழுவா. நீயும் அழுவாய். நான் இரண்டு பக்கமும் ஆறுதல் சொல்லி வேலைக்குப் பிந்துவேன். அதுதான் கடிதம். மாமா வன்னியில் எங்கே நிற்கிறார் என்று ஜனவரிக்குப் பிறகு தெரியாது. அம்மா டிவிக்கு முன்னாலேயே படுத்து எழும்புகிறா. வீட்டில் செய்தி வாசிக்கிறவரின் குரல் மட்டும்தான் கேட்கிறது. "விடுதிப் பள்ளி முடிய நான் இஞ்ச வரமாட்டன், அல்பர்ட்ஸ்லுண்டில சித்தி வீட்டில நிண்டு படிக்கப் போறன்" என்று நீ கிறிஸ்மசுக்குச் சொன்னபோது நான் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான்.

இப்போது திறக்கிறேன். நீ ஹோர்சன்ஸுக்கே வந்து இங்கத்தை ஜிம்னாசியத்தில் மேல்வகுப்புப் படித்தால், நீ சின்னனிலிருந்து கேட்ட மட்டக்குதிரை ஒன்று வாங்கித் தருவேன். பின்வளவுக் கமக்காரர் அதைத் தன் புல்வெளியில் கிழட்டுக் குதிரைக்குத் துணையாக விடச் சம்மதித்துவிட்டார். ஷெட்லாண்ட் என்று ஒரு இனம் இருக்கிறதாம், என் இடுப்பளவு உயரம். அதையே நினைத்திருக்கிறேன். இந்த நாட்டில் நான் குனிந்து பார்க்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

முத்தங்களுடன்
அப்பா ஜெபரட்ணம்


15.02.2009

அன்புள்ள அப்பா,

இதற்குப் பெயர் லஞ்சம். ஆனாலும் வாசித்துச் சிரித்த சிரிப்பில் என் அறைத்தோழி எழும்பிவிட்டாள்.

ஷெட்லாண்ட் வேண்டாம். எனக்குப் பதினாறு வயது, ஏறினால் கால் நிலத்தில் இழுபடும். நாங்கள் குதிரைக்குப் புதுசு, அதனால் மழையிலும் பனியிலும் வெளியிலேயே நின்று பிழைக்கிற பழைய மலைநாட்டு இனம்தான் சரி. எக்ஸ்மூர் அப்படியானது, ஆனால் சரியான பிடிவாதம். வீட்டில் ஏற்கெனவே நீங்கள் இருக்கிறீர்கள். கொன்னெமாரா வடிவு, ஆனால் பலது துடிப்பானவை. ஸ்கொட்லாந்தின் ஹைலாண்ட் அமைதியானது, பெரிய ஆட்களையும் சுமக்கும். வயது பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். வாகனத்துக்குப் பயப்படக்கூடாது. தயவுசெய்து நிறத்தைப் பார்த்து வாங்காதேங்கோ.

திரும்பி வருவேன் என்று நான் சொல்லவில்லை.

தபிதா


ஹோர்சன்ஸ்
22.03.2009

என் செல்ல மகளுக்கு,

நிறத்தைப் பார்க்காதேங்கோ என்றாய். பார்த்துவிட்டேன். வைலே ஊருக்குப் பக்கத்தில் ஒரு கொன்னெமாரா, நாலு வயது, பால் வெள்ளை. இதில் நீ வந்து இறங்கினால் சபையே எழுந்து நிற்கும் என்று எண்ணிக்கொண்டு கழுத்தைத் தடவினேன். அது என் தொப்பியைக் கழற்றி, மிதித்து, பிறகு அதன் மேல் செய்ததைக் கடிதத்தில் எழுத முடியாது. "உங்களோட விளையாடுது" என்றான் விற்கிறவன். "ஓம், நான் தோத்திட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு பார்த்தது உன் ஹைலாண்ட். பெயர் கேர்டா. பெண், வயது பதினாலு, எலி நிறம், முதுகில் ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் டிராக்டரை ஓட்டச் சொன்னேன், அசையவில்லை. குடையை விரித்தேன், அசையவில்லை. சபையில் என்னைப் பாட விடாத அந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினேன். ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இதைவிடப் பொறுமை வேறு எங்கே தேடுவது? வாங்கிவிட்டேன். அந்த அகலத்துக்கும் அந்த முகத்துக்கும் இனி 'அது' என்று சொல்ல வாய் வராது, 'அவ'தான்.

அம்மா ஜன்னலால் பார்த்து, "சனம் சாகிற நேரத்தில உங்களுக்குக் குதிரை கேக்குதோ?" என்றா. நியாயமான கேள்வி. வேலி கட்டப் போய்விட்டேன்.

அப்பா


29.03.2009

அப்பா,

நீங்கள் அனுப்பின கேர்டாவின் படத்தைக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். ஈஸ்டருக்கு வந்து ஏறுவேன். அதற்காக ஆகஸ்டில் படிக்கவும் வருவேன் என்று அர்த்தமில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கோ. காய்ந்த புல்லும் தண்ணீரும் போதும். மே மாதத்துப் பச்சைப் புல்கூடக் கொஞ்ச நேரம்தான். பாண், அப்பிள், பிஸ்கட் ஒன்றும் வேண்டாம். ஒன்றுமில்லாத மலையில் பிழைத்த இனம் அது. நிறையக் கிடைத்தால்தான் அதற்கு வருத்தம் வரும், வைத்தியரைக் கூப்பிட வேண்டி வரும்.

தபிதா


ஹோர்சன்ஸ்
20.05.2009

அன்பு மகளுக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று திங்கட்கிழமை சொன்னார்கள். நீயும் அறிந்திருப்பாய். மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சில கிழமையாகவே ஆட்கள் வந்து போனார்கள், அன்றிலிருந்து வீடு நிறைய ஆட்கள். சபையாட்கள், கோயிலாட்கள் எல்லாரும். என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. அம்மாவுக்கு முன்னால் அதிக நேரம் இருக்க முடியாமல் பின்பக்கம் போகிறார்கள். அங்கே கேர்டா நிற்கிறா. அவவிடம் மட்டும் வெறுங்கையோடு போவார்களா? சூசைதாசன் அண்ணை பாண் கொண்டு போகிறார், நித்தியானந்தன் ஒரு பை அப்பிள். யோகம்மா அக்கா கேக் துண்டை நீட்டி, "வாயில்லாச் சீவன், மெலிஞ்சு போச்சு" என்கிறா. வேலிப் படலையால் வெளியில் எடுக்க முடியாத அளவு மெலிவு!

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவரின் கையைப் பிடித்து 'கொடுக்காதேங்கோ' என்று சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாளாகக் கேர்டாவும் அம்மாவைப் போலத்தான். நடக்க மனமில்லை. முன்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறா. வீட்டு நிலைமை அவவுக்கும் விளங்குது போல.

அப்பா


23.05.2009

அப்பா,

நேற்றுப் போனில் கத்தினதுக்கு மன்னியுங்கோ. கடிதத்தின் கடைசி வரிகளைப் பார்த்ததும் போனுக்கு ஓடினேன். அது துக்கம் இல்லை அப்பா, குளம்புக்குள் வீக்கம். இதில் குதிரை செத்தும் போகும். மிருக வைத்தியர் வந்தாரா? பிழைக்குமா? பள்ளிச் சோதனை முடியும் வரை என்னால் வர முடியாது.

அசைய முடியாமல் இருக்கிற ஆளை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பது எப்படி என்று இப்போது தெரிகிறது. அம்மாவையும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தபிதா


ஹோர்சன்ஸ்
07.06.2009

என் கண்ணான மகளுக்கு,

முதலில் நல்ல செய்தி. கேர்டா நடக்கிறா. மெதுவாக, மெத்தென்ற நிலத்தில், ஆனால் நடக்கிறா. ஆபத்து விலகிவிட்டது என்கிறார் வைத்தியர்.

அவர் முதல் நாள் வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்து, "இனிப்புத்தான் காரணம். பாண், பழம், பச்சைப் புல் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" என்று டேனிஷில் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கிறேன், அம்மா வாசலில் நிற்கிறா. அத்தனை நாளுக்குப் பிறகு சோபாவை விட்டு வெளியே வந்து, "இது இவரின்ர வருத்தமெல்லோ! இதுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்?" என்றா. என் சீனி வருத்தத்தை வருஷக்கணக்காக அடக்கி அனுபவப்பட்ட கை. காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்புப் போகக் கழுவி, நிறுத்துக் கொடுக்கிறா. என் சோறும் அதே தராசில்தான்.

அடுத்த நாள் யோகம்மா அக்கா கேக்கோடு வந்தா. அம்மா படலையில் நின்று, "அக்கா, உள்ள வாங்கோ, சாப்பிடுங்கோ, அழுங்கோ. கேர்டாவிட்டப் போறதெண்டால் மட்டும் வெறுங்கையோட போங்கோ" என்றா. அக்காவுக்குக் கோபம். கேக்கை என்னிடம் நீட்டினா. அதையும் அம்மா வாங்கிவிட்டா.

மகள், மாமா உயிரோடு இருக்கிறார். வவுனியா முகாமில், காலில் காயத்தோடு. அந்தப் போன் வந்தபோது அம்மா குளம்பு கழுவிக்கொண்டிருந்தா. கேட்டுவிட்டு அழவில்லை, கேர்டாவின் கழுத்தில் முகத்தை வைத்தபடி கனநேரம் நின்றா. நான் உள்ளே போய் டிவியை நிறுத்தினேன்.

இப்போது காலையில் மூன்று பேரும் மெல்ல நடக்கிறோம், அம்மா முன்னால், கேர்டா நடுவில், நான் கடைசி. மெலிவதிலும் நான்தான் கடைசி.

என் லஞ்சத்தை வாபஸ் வாங்குகிறேன். உனக்குச் சித்தி வீடுதான் விருப்பமென்றால் அங்கேயே படி, மனம் நோக மாட்டேன். கேர்டாவுக்கு இங்கே ஆள் இருக்கிறது.

அன்புடன்
அப்பா


14.06.2009

அன்புள்ள அப்பா, அம்மா,

அருள்நாயகி சித்திக்குப் போன் எடுத்து, அங்கே வரவில்லை, ஹோர்சன்ஸில்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபித்தா, பிறகு மாமாவுக்காக ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனை வைத்தா.

கேர்டாவுக்காக வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவவில் ஏற இனி அம்மாவிடம்தான் விண்ணப்பம் போட வேண்டும் போலிருக்கிறது.

27ஆம் திகதி பின்னேரம் ஹோர்சன்ஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வாங்கோ. என் பெட்டியை அப்பா தூக்கட்டும், அவருக்கு நடை நல்லது. அம்மாவின் சட்டம் எனக்கும் தெரியும். பயப்படாதேங்கோ அம்மா, வெறுங்கையோடதான் வாறன்.

உங்கள் மகள்
தபிதா