அப்பா என்ஜினின் முன்கொக்கி

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணன் மகள் நீச்சலில் முதலாவதாக வந்துவிட்டாள். அவள் தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு. கடைக்குட்டிக்கு ஷூ லேஸ் கட்ட வந்துவிட்டது, அதுவும் வெற்றிதான்.

அடுத்தது உன் அப்பா. அவருடைய பொம்மை நீராவி ரயில் என்ஜினுக்கு முன்னால் இருந்தது வெறும் அழகுக் கொக்கி. நிஜக் கொக்கி போட்டால் உன் என்ஜினுக்குப் பின்னால் மாட்டி, இரண்டையும் சேர்த்து ஓட்டலாம் என்று நீ சொன்னாய். "என் என்ஜின் யார் வாலையும் பிடிச்சிட்டுப் போகாது"ன்னு குதித்தார். நீயும் உன் என்ஜினைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் அவரே நிஜக் கொக்கி மாட்டினார். தாழ்வாக மாட்டியதால் வளைவில் முன்சக்கரம் கொக்கியில் இடித்து என்ஜின் கவிழ்ந்தது.

"சிரிக்காத நீ!" என்று என் மேல் பாய்ந்தார்.

"சிரிக்கல, இருமுறேன்."

எதற்கு இந்தக் கொக்கி என்று கேட்டால், "சும்மா" என்கிறார். சும்மா செய்கிறவர், உன் என்ஜினின் பின்கொக்கி எவ்வளவு உயரம் என்று என்னை ஏன் நச்சரிக்கிறார்?

அதனால் பின்கொக்கி பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. ஸ்கேலை நீயே பிடித்துக்கொள், உன் முகமும் விழட்டும். உன் முகம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

உன் அம்மா