பருந்தின் முதுகைப் பார்த்து வாங்கிய துப்பாக்கி

ஏனுங்க,

வேறெப்படி ஆரம்பிப்பது? கல்யாணமான நாள் முதல் உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை கூட்டத்துக்கு நடுவே "ஏனுங்க!" என்று கத்தினேன். அங்கிருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் திரும்பாமல் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

முதலில் ஊட்டுச் சேதி. காப்பிப் பழம் பறித்து முடிந்தது. மிளகு பரவாயில்லை. நீங்கள் நட்ட பட்டர் ஃப்ரூட் மரம் காய்த்துவிட்டது. நமக்கு ஒரு பங்கு, குரங்குகளுக்கு மூன்று பங்கு என்று ஏதோ ஒப்பந்தத்தில் இருக்கிறோம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. உங்கள் துப்பாக்கியை என்ன செய்வது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

கூடவே இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருவரும் ட்ராப் சுடுகிறவர்கள். ரேஞ்ச் என்கிற சுடும் திடலில், முன்னால் ஒரு பள்ளத்துக்குள் எந்திரம் இருக்கும். நாம் மைக்கில் குரல் கொடுத்ததும் அது சின்னதாக ஒரு மண்தட்டை வீசும். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது, ஆனால் மேலே ஏறிக்கொண்டே, நம்மைவிட்டு விலகிக்கொண்டே போகும். சிறு குண்டுகளாகச் சிதறும் ரவைத் தோட்டாவால் அதை உடைக்க வேண்டும். அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் கொண்ட ஓவர்-அண்டர் துப்பாக்கி வேண்டும்.

எல்லோரும் இங்கிலீஷில் "புல்", அதாவது இழு, என்று குரல் கொடுப்பார்கள். நீங்கள் மட்டும் "வா சாமி" என்பீர்கள், தொட்டில் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி. ரேஞ்சே சிரிக்கும். "மைக்குக்குச் சத்தந்தானுங்க வேணும், இங்கிலீசா வேணும்?" என்று கேட்பீர்கள். தட்டும் மரியாதையாக வரும். வந்து, முழுசாகப் போய்விடும்.

அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு தட்டுகள் அப்படி முழுசாகப் போயின! ரவை எப்போதும் தட்டுக்கு அடியில்தான் போனது. தோட்டா மாற்றினீர்கள். குழல் வாயைக் குறுக்கும் சோக்கை மாற்றினீர்கள். சேலத்துக்குப் போய்க் கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி போட்டீர்கள். மலை ஏறிச் சேர்வராயனுக்கு வேண்டுதலும் வைத்தீர்கள். கடைசியில் ஒருநாள் மலையேறி வரும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டே சொன்னீர்கள்: "இனி நீ சுடு கண்ணு. எனக்குக் கை வல்லீங்கறது தெரிஞ்சுபோச்சு. நான் டிரைவரா வாரேன்."

அதற்குப் பிறகு நீங்கள் போட்டிக்குப் பெயர் கொடுக்கவே இல்லை. என் தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். என் தட்டு உடைந்தால் முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கும். நான் கிளப்பின் பழைய துப்பாக்கியில் சுட்டேன், நீங்கள் உங்கள் சொந்தத் துப்பாக்கியில் சுட்டீர்கள். ஆனாலும் நான் உடைத்தேன், நீங்கள் தவறவிட்டீர்கள். "பொறந்த கை உனக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

நீங்கள் போன பிறகு கிளப் துப்பாக்கியும் தேய்ந்துபோய் ஓய்வெடுத்துக்கொண்டது. வாரிசு என்ற முறையில் உங்கள் துப்பாக்கி என் லைசென்ஸில் ஏறியது. அலைச்சலைப் பற்றிக் கேட்காதீர்கள். முதல் நாள் அதை ரேஞ்சில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியபோது, மரக்கட்டையில் கன்னம் பதியும் இடத்தில் வார்னிஷ் போயிருந்ததைப் பார்த்தேன். உங்கள் தாடி முள் குத்திக் குத்தித் தேய்த்த இடம். அதில் என் கன்னத்தை வைத்தேன்.

ஒரு தட்டும் உடையவில்லை என்றால் நம்புவீர்களா? சரி, பொய் சொல்லவில்லை, ஏதோ சில உடைந்தன. மற்றதிலெல்லாம் ரவை தட்டுக்கு அடியிலேயே போயிற்று, அச்சு அசலாக உங்களை மாதிரி. துக்கம், நாளாக ஆகச் சரியாகும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தகுதிக்கு வேண்டிய அளவு உடைக்காவிட்டால் இந்த வருஷம் அடுத்த கட்டம் கிடையாது. என் வயதுக்கு இனி வருஷங்களை அப்படித் தூக்கிக் கொடுக்கவும் முடியாது.

அப்போதுதான் கோகிலா மலைக்கு வந்தாள். உங்களுக்குத் தெரியுமே, அடிவாரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவள், ரேஞ்சில் பக்கத்துத் திடலில் ஸ்கீட் என்ற இன்னொரு வகைப் போட்டி சுடுகிறவள். அவளுக்கும் ஒரு ஓவர்-அண்டர் வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். நம் தோட்டத்து விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்த பாறையில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"என்னங்கக்கா இது! உங்க ஊர்ல பருந்தோட முதுகு தெரியுது! நாங்கெல்லாம் அது வயித்தத்தானுங்க பாத்திருக்கறோம்."

நான் சிரித்தேன். நமக்கு இது அதிசயமா? பருந்து நமக்குக் கீழேதானே சுற்றும். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையில் டம்ளரோடு அப்படியே நின்றேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் துப்பாக்கி வாங்கிய அந்த மத்தியானம்? சுடுவதை நிறுத்திவிட்ட அந்த எஸ்டேட்காரர் தன் இரண்டு ஓவர்-அண்டர்களையும் மேசையில் வைத்தார். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடையா, குழல் நீளமா, கட்டையின் வேலைப்பாடா என்று நாம் அரை நாள் பேசினோம். பிறகு தோட்டா இல்லாத துப்பாக்கியை மாற்றி மாற்றித் தோளில் வைத்து, அவர் வீட்டு விளிம்பில் நின்று, கீழே சுற்றிச் சுற்றி இறங்கிய பருந்தைத் தொடர்ந்து பார்த்தோம். கன்னக்கட்டை உயர்ந்திருந்த துப்பாக்கியை வைத்தால் குழல்மேல் ஓடும் பட்டை நீளமாகத் தெரிந்தது. "இது பருந்துக்கு மேல எங்கியோ போகுதுங்க" என்று கீழே வைத்துவிட்டீர்கள். மற்றது பருந்தின் முதுகில் போய் உட்கார்ந்தது. என்னிடம் கொடுத்தீர்கள். எனக்கும் முதுகில் உட்கார்ந்தது. "இதுதானுங்க" என்றேன் நானும்.

மலைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து மலைக்காரத்தனமாக ஒரு துப்பாக்கி வாங்கினோம். நமக்குக் கீழே இறங்குகிற ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே ஏறுகிற ஒன்றைச் சுடப் போனோம்.

அடுத்த வாரம் ரேஞ்சில் பெரிய வெள்ளைக் காகிதத்தைச் சட்டத்தில் மாட்டி, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்து, உங்கள் துப்பாக்கியால் சுட்டேன். ரவை பொட்டைச் சுற்றி அழகாக, மேலே பாதி கீழே பாதியாக விழுந்திருந்தது. ஓய்ந்து கிடந்த கிளப் துப்பாக்கியைக் கெஞ்சி வாங்கி இன்னொரு காகிதத்தில் ஒரே ஒரு தோட்டா சுட்டேன். பெரும்பாலும் பொட்டுக்கு மேலேயே விழுந்திருந்தது. ட்ராப்புக்கு அதுதான் வேண்டும். தட்டு ஏறிக்கொண்டே போகிறதல்லவா, ரவை அதற்கு மேலே போய்க் காத்திருக்க வேண்டும். உங்களுடையது பார்த்த இடத்தில் நேராகச் சுட்டது. நீங்களும் தட்டை நேராகத்தான் பார்த்தீர்கள். ரவை போய்ச் சேருவதற்குள் தட்டு மேலே ஏறிவிட்டது.

அந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடியும் துக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். துக்கம் இல்லை, ஆத்திரம். ஒரு காகிதம், ஒரு பொட்டு! நீங்கள் சேர்வராயனிடம் போவதற்கு முன்னால் நாம் இதைச் செய்திருக்கக் கூடாதா? பிறந்த கை என்று என்னைக் கொண்டாடினீர்களே, அதில் பாதி கிளப் துப்பாக்கியின் உயர்ந்த கட்டைக்குப் போக வேண்டியது. உங்களுக்குக் கை வரவில்லை என்று யார் சொன்னது? நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நான் மறுத்துப் பேசாமல் டிரைவர் வேலைக்கு ஆளை எடுத்துக்கொண்டேன்.

இனி என்ன செய்வது? கட்டை வேலை செய்பவர், கன்னம் வைக்கும் பகுதியை ரம்பத்தால் அறுத்தெடுத்து, திருகு வைத்து உயர்த்தித் தருகிறேன் என்றார். பென்சிலால் கோடும் போட்டுக் காட்டினார். கோடு நேராக உங்கள் தாடி தேய்த்த இடத்தின் வழியாகப் போயிற்று. வேண்டாம் என்று திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அறுக்க மனமில்லை, அறுக்காமல் எனக்கு உதவாது. வேறொன்று வாங்க வேண்டுமானால் இதை விலைக்குக் கொடுத்தால்தான் முடியும்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று பயந்தேன். துப்பாக்கிப் பெட்டியைத் தினமும் துடைக்கிறவர் அவர். சொல்ல ஆரம்பித்ததுமே முகம் மாறிவிட்டது.

"எம் பையன் கைபட்டதுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான் கண்ணு. அதையும் குடுத்துட்டா ஊட்டுல என்ன இருக்குது?"

இரண்டு காகிதங்களையும் தரையில் விரித்துக் காட்டினேன். பருந்துக் கதையைச் சொன்னேன். அவர் குனிந்து, உங்கள் காகிதத்தில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப அவன் குறி தப்புனவன் இல்லியா?"

"இல்லீங்கத்தை. பாத்த எடத்துலதான் சுட்டிருக்காருங்க."

"அவனுக்கு அது தெரியாமயே போயிட்டானே சாமி," என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதைச் சரியா சுடற எடத்துல கொண்டுபோய்க் குடு. சும்மா பொட்டியில கெடந்து அதுக்கும் கெட்ட பேரு எதுக்கு?" என்றார்.

சரியாகச் சுடும் இடம் எது என்று கோகிலாவுக்குத்தான் தெரிந்திருந்தது. ஸ்கீட்டில் தட்டு இப்படி ஏறிக்கொண்டே விலகாது. இரண்டு பக்கமும், வீடு என்று நாங்கள் சொல்லும் எந்திரக் கூண்டுகளிலிருந்து குறுக்கே பறக்கும். நேராகச் சுடுகிற துப்பாக்கிதான் அதற்கு வேண்டும். லைசென்ஸ் எழுத்து வேலைகள் முடிந்து, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தேன். "அக்கா, நிசமாத்தானுங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

அவள் முதல் இடத்தில் நின்றாள். உயரமான வீட்டிலிருந்து தட்டு அவள் தலைக்கு மேலாகப் பாய்ந்து, முன்னால் போய், கீழே இறங்கத் தொடங்கியது. நம் பள்ளத்தாக்கில் பருந்து இறங்குமே, அப்படி. கோகிலா சுட்டாள். தட்டு இருந்த இடத்தில் கறுப்பாகப் பொடி மட்டும் நின்றது. ஏனுங்க, நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உங்கள் இடத்தில். முதல் கைதட்டல் என்னுடையது.

எனக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். இந்த முறை மலையில் வைத்துப் பார்க்கவில்லை. சமதரையில் நின்று, கண்ணை மூடி, தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தேன். பட்டை கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. முன்பு என்றால் வேண்டாம் என்று வைத்திருப்பேன். காகிதத்தில் சுட்டேன், ஏறுகிற தட்டில் சுட்டேன், கை தளர்ந்த பிறகும் தூக்கிப் பார்த்தேன். கட்டை வெறும் கட்டைதான், வேலைப்பாடு ஒன்றும் இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்காது. பரவாயில்லை.

மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். டிரைவர் இல்லாததால் ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு இறங்குவேன். தகுதி வருமோ வராதோ, அதைச் சொல்ல முடியாது. ஒன்றுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். முதல் தட்டுக்கு நான் "புல்" என்று சொல்லப்போவதில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். "வா சாமி" என்றுதான் கூப்பிடுவேன். அது வரும். இந்தத் தடவை அதை முழுசாகப் போக விடமாட்டேன்.

என்றும்
உங்கள் ஊட்டுக்காரி,
சாந்தாமணி