ஆராய்ச்சிக்கு ஆகாத நெஞ்சு

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், இந்த வரியை மனசில் வைத்துக்கொண்டே மேலே படி. ஊரார் நெஞ்சையெல்லாம் காது வைத்துக் கேட்கிற உன்னிடம் நலமா என்று விசாரிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, ஆகையால் நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, குளியலறைக் குழாய் ஒழுகுவதும் நிரந்தரமாகிவிட்டது, நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் வீட்டில் ஒரு குழாயை அடைக்க ஆளில்லையா என்று அம்மா பாடாத நாளில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் போனில் நீ சொன்னது மனசில் கிடந்து உறுத்தியது. காலையில் நோயாளிகள், மதியத்துக்கு மேல் ஆராய்ச்சிக்கூடம் என்று ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்காதே, ஏதாவது ஒன்றை விடு என்று உன் பெரிய டாக்டர் சொல்கிறார் என்றாய். இதயம் எதை எரித்து ஓடுகிறது, கொழுப்பையா சர்க்கரையையா, பலவீனமான இதயம் ஏன் பட்டினி கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஆள் கூப்பிட்டால் வருகிறவர்கள் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள் என்றும் புலம்பினாய். ஏன்தான் ஓடுகிறார்கள், நாமே பார்த்துவிடுவோமே என்று தோன்றியது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியிலும் இதே மாதிரி ஆராய்ச்சி, அறுபது தாண்டிய, நோய்நொடி இல்லாத ஆட்கள் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அம்மாவிடம் பல்வலி என்று சொல்லிக் காலைச் சாப்பாட்டைத் தட்டிக்கழித்துவிட்டு நேராக அங்கே போய் நின்றேன்.

பதினெட்டுப் பக்கப் படிவம், படித்து முடிப்பதற்குள் பாதி நோய் வந்துவிட்டது. குளிரில் விறைக்கிற அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல ஒரு ஆளில்லை. பக்கத்திலிருந்த தபால்காரர் "ரத்தம் எடுப்பாங்களாம், எவ்வளவுன்னு சொல்ல மாட்டேங்கிறாங்களே" என்று முனகிக்கொண்டே இருந்தார், கழிப்பறைக்குப் போகிற மாதிரி எழுந்தவர் போனவர்தான். எனக்கு முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள், அந்தக் காகிதத்தை மற்றவர்களுடைய காகிதக் கட்டுக்குள் செருகப் போகிற சமயம் டாக்டர் உள்ளே வந்தாள். உன் வயசுதான் இருக்கும், உன்னைப் போலவே காலையில் நோயாளிகள், அப்புறம் இந்த ஆராய்ச்சி. காகிதத்தைப் பார்த்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் மணிக்கட்டை ஒரு முழு நிமிஷம் பிடித்துப் பார்த்தாள். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா ஐயா" என்று கேட்டாள். வயசாச்சில்லம்மா என்று மழுப்பினேன். "எல்லாப் பழியையும் வயசு மேலயே போடாதீங்க" என்று சிரித்துவிட்டு, துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறது, இப்படியே விட்டால் ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம், மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம் என்று புட்டுப் புட்டு வைத்தாள். ஆளில்லாத லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கியபோதுகூட வராத பயம், மூளை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தது. உன் பெயர் மறந்துபோனால் என்ன செய்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் அவள் "நீங்க என் ஆராய்ச்சிக்கு ஆகமாட்டீங்க, நாளைக்குக் காலையில என் ஓ.பி.க்கு வந்துடுங்க" என்றாள். சும்மா படுத்திருக்கிற பரீட்சையிலும் பெயிலான ஆள் உன் அப்பாதான்.

பதறாதே, போன திங்கட்கிழமை எல்லாம் திரும்பவும் பார்த்துவிட்டு, துடிப்பு ஒழுங்காகிவிட்டது, மாத்திரையை மட்டும் விடாதீங்க என்றாள். மூன்று மாடி நிற்காமல் ஏறுகிறேன். அம்மா முதலில் திட்டினாள், பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். உனக்குச் சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று இருவரும் வாயைத் தைத்துக்கொண்டோம், கோபித்துக்கொள்ளாதே. நான் சொல்ல வந்தது இதுதான். அந்த ஆராய்ச்சி இல்லையென்றால் நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன், தினமும் நோயாளியைத் தொட்டுப் பழகிய கை இல்லையென்றால் அந்தக் காகிதம் கட்டோடு கட்டாகப் போயிருக்கும். உன் பெரிய டாக்டரிடம் இதைச் சொல், அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் என் நம்பரைக் கொடு. வருகிறவர்களிடம் ரத்தம் இரண்டு சின்னக் குழாய்தான் என்று முதலிலேயே சொல்லிவிடு, போர்வை கொடு, முடிந்ததும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு, மறுநாள் நீயே போன் செய்து என்ன தெரிந்தது என்று சொல். எவனும் ஓடமாட்டான்.

நான் காலி செய்த இடத்துக்கு அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பதினெட்டுப் பக்கத்தையும் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துவிட்டு அந்த டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷன் நெஞ்சுல என்ன இருக்குன்னு எனக்குப் பிடிபடவே இல்ல, உங்க மெஷின்ல தெரிஞ்சா எனக்கும் ஒரு காப்பி குடுப்பீங்களா?" டாக்டர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

கை வைத்த இடமெல்லாம் உனக்குத் துலங்கட்டும், உன்னிடம் வருகிற ஒவ்வொருவரும் நடந்தே வீடு திரும்பட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு.

உன்னைப் பெற்றதில் இன்னும் தலைக்கனம் குறையாத,
அப்பா