மூன்றாம் நாள் தட்டு

மார்ச் 3

அன்புள்ள நெட்டை,

நலமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் உன்னை என்ன பாடுபடுத்துகிறார்கள்? இருபத்திரண்டு வருஷமாகியும், நம் பழைய ஆய்வகத்தைக் கடக்கும்போதெல்லாம் இருட்டறையில் ஃபிலிம் கழுவிக்கொண்டே நாம் கதையளந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

ஒரு செய்தி. செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் அந்தக் குட்டி உருண்டையில் நாம் அன்று ஆராய்ந்த புரதம் என்ன வேலை பார்க்கிறது என்று என் மாணவி மறுபடி சோதித்தாள். மனித செல்லில் அதை நிறுத்தினால், ரைபோசோமுக்கான நீள ஆர்.என்.ஏ. முழுதாகத் துண்டாகாமல் பாதி வெட்டிலேயே நின்றுவிடுகிறது. நீ அன்றைக்குக் காட்டிய அதே பட்டை, ஃபிலிமில் கன்னங்கரேலென்று நிற்கிறது. அதற்கு அந்த வேலையே இல்லை என்று காட்டிய என் பழைய சோதனையில்தான் எங்கோ தவறியிருக்கிறது. கட்டுரையில் உன் பெயரை முதலில் போடலாமா?

உன் சுண்டெலி

மார்ச் 11

அன்புள்ள சுண்டெலி,

நலம். பாடம் நடத்தும்போது அந்த உருண்டையை நான் எப்போதும் பெரிதாகத்தான் வரைவேன். "மிஸ், அளவு தப்பு" என்று வகுப்பே திருத்தும்.

எங்கோ தவறியது என்கிறாயே, எங்கே? உன் சோதனையை நம்பித்தான் நம் ஆய்வு வழிகாட்டி சார் என் முடிவைக் குப்பையில் போட்டார். "கற்பனை பண்ணாதம்மா, வேற வேலையப் பாரு" என்றார். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய்.

நெட்டை

மார்ச் 19

அன்புள்ள நெட்டை,

சுற்றி வளைக்கவில்லை. புரதம் உருவாவதை நிறுத்தும் மருந்தைப் போட்டபின், செல்லில் ஏற்கெனவே இருப்பது தீர மூன்று நாள் ஆகும். அக்கா கல்யாணத்துக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாம் நாளே செல்களை எடுத்துவிட்டேன். புரதம் மீதமிருந்ததால் வெட்டு ஒழுங்காக நடந்ததுபோலத் தெரிந்தது. நோட்டில் மூன்று என்று எழுதினேன். சார் உன்னைத் திட்டியபோது உண்மை வாய்வரை வந்தது, பயத்தில் விழுங்கிவிட்டேன். நீ ஆய்வை விட்டுப் போனது என்னால்தான். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

சுண்டெலி

மார்ச் 28

சுண்டெலி,

எனக்கு அன்றே தெரியும். நீ ஊருக்குப் போனபின் நீ செல் வளர்த்த தட்டுகளைக் கழுவி வைத்தவள் நான். மூடியில் மருந்து போட்ட தேதியை எழுதியிருந்தாய். எண்ணிப் பார்க்க இரண்டு விரல் போதுமாயிருந்தது.

சார் திட்டியதற்காக நான் போகவில்லை. நீயே சொல்லிவிடுவாய் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். தினமும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம், நீ எல்லாவற்றையும் பேசினாய், இதைத் தவிர.

கோபம் எப்போதோ தணிந்துவிட்டது. உன்னைப் போல ஒரு சிநேகிதி அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை, அதுவும் உண்மைதான்.

என் பெயரைப் போடு, அது என் உழைப்பு. கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதி அனுப்பு. கூடவே கடிதம் வைக்க வேண்டாம்.

நெட்டை