கல்வெட்டைத் தேடி வந்தவர்

புத்தூர் அருகே மேலேரி,
ஐப்பசி 28.

என் அன்பிற்குரிய ரூபாவின் நைனாவுக்கு, காஞ்சனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நம் மகள் ரூபாவும் சுகம். குவைத்தில் குளிர் தொடங்கியிருக்கும். நான் கொடுத்தனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்ளவும். உறையின்மேல் உங்கள் பெயரை வழக்கம்போல ரூபாதான் எழுதினாள்.

மேல் ஏரிக்கு மீன் ஏறிவிட்டது. நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

ரோட்டை உயர்த்தி ஓடைக்கு இரண்டு சிமெண்ட் குழாய் வைத்த வருஷத்தை மறந்திருக்கமாட்டீர்கள். குழாயின் வாய் இடுப்பு உயரத்தில் தொங்க, கீழ் ஏரியிலிருந்து ஏறிவந்த மீனெல்லாம் அதில் முட்டி விழுந்தது. மேலே தண்ணீர் இருந்தும் உங்கள் வலை வெறுமையாக வந்தது. அந்தக் குழாய்தான் உங்களை விமானம் ஏற்றியது. இப்போது நாலு வழிச் சாலை போட வந்தவர்கள், அதே குழாயை இன்னும் நீளமாக வைக்கப்போகிறோம் என்றார்கள். அது நிலைத்தால் நீங்களும் அங்கேயே நிலைத்துவிடுவீர்களே.

பங்குனியிலேயே சித்தூர் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். தெலுங்கு பேசுவேனே தவிர எழுத வராது. தமிழிலேயே, நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறபடி, "எங்கள் ஓடைக் கல்வெட்டைப் பார்வையிட்டு ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினேன். ரோட்டுக்கடியில் தண்ணீர் போகிற கல்வர்ட் நம் வாயில் கல்வெட்டாகிப் பல காலம் ஆயிற்று, ஆபீசில் இருப்பவருக்கு அது தெரியுமா? தெலுங்கில் சாசனம் என்று மொழிபெயர்த்து, பழைய கோயிலும் கல்லெழுத்தும் பார்க்கிற இலாகாவுக்கு அனுப்பிவிட்டார்.

ஆடியில் ஒரு ஜீப் வந்தது. வெங்கடரமணா என்று ஓர் அதிகாரி, கையில் பிரஷ்ஷும் காமிராவுமாக இறங்கி, எந்த ராஜா காலத்துச் சாசனம் அம்மா என்று கேட்டார். நான் குழாயைக் காட்டினேன். சுற்றிச்சுற்றி எழுத்தைத் தேடினார். எழுத்தும் இருந்தது, போன எலெக்‌ஷனில் ஓட்டுக் கேட்டு எழுதியது. பக்கத்து வீட்டு முனிசாமி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். விஷயம் புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனுஷரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நல்லவேளை, முந்தின நாள் மழையில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கெண்டையும் கெளுத்தியும் எகிறி எகிறிக் குழாய் விளிம்பில் அடிபட்டு விழுந்தன. அவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. சாசனத்துக்குக் கொண்டுவந்த பிலிமையெல்லாம் மீனுக்கே செலவழித்தார். படங்களோடு கலெக்டருக்கு எழுதிப்போட்டு, ரோடு இஞ்சினீரையும் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் புதுக் குழாய் ஏற்றிய லாரி வந்துவிட்டது. நானும் எதிர்வீட்டுக் கமலம்மாவும் தெருப் பெண்களும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். சொன்னபடியே அவர் இஞ்சினீரோடு வந்து சேர்ந்தார். மீனுக்காக டிசைனை மாற்ற முடியுமா என்று இஞ்சினீர் சலித்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்: "மீன் புடிச்சவரு இந்தக் கொழாயாலதான் பாலைவனத்துல ஆடு மேய்ச்சிக்கினு கீறாரு. நீ இன்னொண்ணு வெச்சா அவரு எந்த வழியா சார் வருவாரு?" இஞ்சினீருக்குத் தமிழ் அரைகுறைதான். வெங்கடரமணா தெலுங்கில் சொன்னார். இஞ்சினீர் ஓடையில் இறங்கி, குழாயின் வாயைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, லாரியைத் திருப்பச் சொன்னார்.

இப்போது இரண்டு குழாயும் போய் அகலமான பெட்டிப் பாலம் வந்திருக்கிறது. தளத்தை ஓடை மட்டத்துக்கும் கீழே இறக்கி, மேலே ஓடை மணலையும் கல்லையுமே பரப்பியிருக்கிறார்கள்.

போன வாரம் பெரிய மழை. ஊரே பாலத்தடியில் நின்றது. மீன் கூட்டம் வந்து, பழைய பயமோ என்னவோ, வாயிலில் தயங்கியது. பிறகு ஒரு விரால் உள்ளே போனது. அந்தப் பக்கம் நின்ற ரூபா, "நைனாவோட மீன் வந்துடுச்சி" என்று கத்தினாள். நாங்கள் போட்ட கூச்சலில் மேலே லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, என்ன விபத்து என்று எட்டிப்பார்த்தார்கள். எல்லாம் சினை மீன் என்பதால் அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. நான் அழுதேன், வெட்கமாக இல்லை.

அடுத்த முறை நான் ஏமாறக்கூடாது, ஒரு சாசனம் வையுங்கள் என்று வெங்கடரமணா சொல்லியிருந்தார். பாலத்தோரம் கல் நட்டு மீன் ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறோம். மனுவில் எழுதியது மெய்யாகிவிட்டது.

அரபி முதலாளி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார், என்ன செய்ய என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வலையைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் போட்டேன். எலி கடித்த ஓட்டையில் என் தலையே நுழைகிறது. முனிசாமி அண்ணன் பின்னித்தருகிறேன் என்றார். அது உங்கள் கை பட்ட வலை, வேறு யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குஞ்சுகள் மாசிக்குள் வலைக்குப் பெரிதாகிவிடுமாம். மலையேறி நிற்கிற பெருமாள் உங்களை நல்லபடியாக வைக்கட்டும். ஓட்டை அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள்
காஞ்சனா