மூடிய கை

தம்பிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

ஒரு வருடமாக என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியே கிடக்கின்றன. முகம் கழுவினால் விரல் கண்ணில் குத்துகிறது. பஸ் ஓட்டும்போது கியரைப் பிடித்த கை சட்டென்று விடமாட்டேன் என்கிறது. பணிமனையில் எனக்குக் ‘கொக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நேற்று டாக்டரம்மா, “உள்ளங்கையை மேசை மேல தட்டையா வைங்க” என்றார். முடியவில்லை. தோலுக்கு அடியில் உள்ள சவ்வு தடித்து, கயிறு போல விரலை இழுக்கிறதாம்.

“இது ரத்த சொந்தத்துல வரும். உங்க வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பா இறந்த அன்று நீ வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. அப்போதே நமக்குள் பேச்சில்லை. உன் கை மூடியே இருந்தது. என்னை அடிக்கத்தான் கையை முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று நினைத்து, எல்லோர் முன்னாலும் உன்னை வெளியே போகச் சொன்னேன். நீ அப்படியே திரும்பிப் போய்விட்டாய். ஆறு வருடமாகிறது.

“என் தம்பிக்கு இருக்கு டாக்டர்” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன். பிறகு விரல் மறுபடி மடங்காமல் மட்டை வைத்துக் கட்டி, பயிற்சி செய்ய வேண்டுமாம். உனக்கும் பார்க்கலாம் என்கிறார். நாளாகியிருந்தால் முழுசாக நிமிராதாம், அதற்காக விட்டுவிடாதே.

படிவத்தில் ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணி. வராமல் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் முன்கோபக்கார
அக்கா